மருந்துக்கு முன் பார்க்காத கண்

1. செவ்வாய்க்கிழமை

1999 மார்ச் 30, செவ்வாய்க்கிழமை. காலை ஏழே காலுக்கு மருத்துவமனையின் பின்கதவைத் திறந்தேன். ஸ்டெரிலைசரைப் போட்டேன். பார்வைச் சார்ட்டின் பின்விளக்கு எரிகிறதா, நோயாளி உட்காரும் நாற்காலி இருபது அடிக் கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தேன். கண்ணாடிப் பவரைச் சோதிக்கும் ட்ரையல் செட் பெட்டியில் லென்ஸ்களை எண்ணினேன், குறைவில்லை. கண்பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்தில் இரண்டு புட்டிகளைப் புதிதாகத் திறந்து, திறந்த தேதியை லேபிளில் எழுதினேன். ஏழு ஐம்பதுக்கு முதல் டோக்கன். அன்று எட்டரை மணிக்குள் முப்பத்தோரு டோக்கன் போய்விட்டது.

இவ்வளவும் என் டைரியில் இருக்கிறது. 1989 ஜூலையில், கண் மருத்துவ உதவியாளர் படிப்பை முடித்து வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் டைரி எழுதுகிறேன். செங்கம் ரோட்டில் இருந்த அந்தச் சிறிய கண் மருத்துவமனை எனக்கு இரண்டாவது வேலையிடம். டாக்டர் உமா என்னைவிட ஒரு வயது இளையவர். அப்போது எனக்கு வயது முப்பத்து நான்கு.

முப்பத்தோரு டோக்கனுக்குக் காரணம் மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஊருக்குள் வராது என்பதால் போளூர், செங்கம், கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்காரர்கள் முதல் நாளே வந்துவிடுவார்கள். எங்களுக்குப் பௌர்ணமிக்கு முந்தின நாள்தான் திருவிழா.

எங்கள் வேலை முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். டாக்டர் காலையில் தியேட்டரில் கண்புரை ஆபரேஷன் செய்வார். வெளிநோயாளிகளைப் பார்க்க உட்காரும்போது பத்து மணியாகும். கண்ணின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும் என்றால் சொட்டு மருந்து ஊற்றி, கண்பாப்பா விரிய அரை மணி, முக்கால் மணி காத்திருக்க வேண்டும். டாக்டர் பார்த்துச் சொல்லி, பிறகு ஊற்றி, பிறகு காத்திருந்தால் நாள் போதாது. அதனால் நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், பார்வை குறைந்தவர்கள் எல்லாருக்கும் நானே முதலில் மருந்து ஊற்றி பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்துவிடுவேன். அது டாக்டர் போட்ட நிரந்தர உத்தரவு. நோயாளிகள் அதை "எரியற மருந்து" என்பார்கள்.

அந்த வேகத்தில் எனக்குப் பெருமை இருந்தது. டாக்டர் வந்து உட்காரும்போது பெஞ்சில் பன்னிரண்டு பேர் தயாராக இருப்பார்கள். நோயாளியின் விவரம் எழுதும் அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. பக்கத்து ஊர் கண் முகாம்களில் என்னைப் பார்த்தவர்கள், "மல்லிகா அட்டை எழுதினா டாக்டருக்குக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்று கேலி செய்வார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

2. டோக்கன் எண் பதினான்கு

ஒன்பது முப்பத்தைந்துக்கு, அடி அண்ணாமலையிலிருந்து வந்திருந்த வள்ளியம்மாளின் முறை வந்தது. வயது நாற்பத்தாறு. கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மோர்க்கடை போடுகிறவர். கணவர் ஏழுமலை, ஒன்றரை ஏக்கரில் கடலை போடும் விவசாயி. டிவிஎஸ் வண்டியில் அவர்தான் அழைத்து வந்திருந்தார். வள்ளியம்மாளின் இடது இமை முழுக்கக் கீழே விழுந்திருந்தது.

"இன்னாமா ஆச்சு கண்ணுக்கு?" என்றேன்.

"கடைய சாத்திக்கிச்சு சிஸ்டர். மூணு நாளா தெறக்க மாட்டேங்குது."

"வலி இருக்குதா?"

"கண்ணுக்குப் பின்னால குத்துது. தலையும் இந்தப் பக்கமா வலிக்குது. கையால தூக்கிப் பாத்தா எல்லாமே ரெண்டு ரெண்டா தெரியுது. இந்த ஆளுகூட ரெண்டா தெரியறாரு. ஒண்ணையே தாங்க முடியல."

ஏழுமலை என்னிடம் திரும்பி, "மூணு நாளா ஒத்தக் கண்ணுலதான் மொறைக்கிறா சிஸ்டர். எனக்குப் பாதி நிம்மதி" என்றார்.

"வூட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றார் வள்ளியம்மாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தபடிதான் அட்டையை எழுதினேன். ஐந்து வருடமாகச் சர்க்கரை. ரத்த அழுத்தம் நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு. வலது கண் பார்வை ஆறுக்கு ஒன்பது. இடது கண், இமையைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில், ஆறுக்குப் பன்னிரண்டு. ஊரில் ஒருவர், "சுகர் ஜாஸ்தியானா இப்படி நரம்பு இழுத்துக்கும், தானா சரியாயிடும்" என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். அதையும் எழுதினேன். அந்த ஊர்க்காரர் சொன்னதில் தப்பில்லை. சர்க்கரையால் இப்படி ஆவது உண்டு, பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாவதும் உண்டு. சர்க்கரை என்ற சொல் அட்டையில் ஏறியதும் எனக்கும் மனத்தில் ஒரு கதவு மூடிவிட்டது.

எல்லாக் கட்டங்களும் நிரம்பின. நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரை உள்ளவர், பார்வை குறைந்தவர். மூன்று காரணமும் இருக்கிறது. ஒன்பது நாற்பத்தெட்டுக்கு வலது கண்ணில் ஒரு சொட்டு. இடது கண்ணின் இமையைக் கட்டைவிரலால் தூக்கினேன், ஊற்றினேன், விட்டேன். அடுத்தது பதினைந்தாம் டோக்கன்.

3. ஒரு கேள்வி

பத்து ஐம்பதுக்கு டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். வள்ளியம்மாள் நாற்காலியில் இருந்தார். டாக்டர் அவருடைய இடது இமையைத் தூக்கிப் பிடித்திருந்தார். கண் உருண்டை வெளிப்பக்கமாகவும் சற்றுக் கீழாகவும் ஒதுங்கியிருந்தது. கண்பாப்பா இரண்டு கண்ணிலும் அகலமாக விரிந்திருந்தது. அது என் மருந்தின் வேலை.

"மல்லிகா, மருந்து ஊத்தறதுக்கு முன்னாடி இவங்களுக்கு பியூபில் எவ்ளோ இருந்துச்சு?"

எனக்கு அந்த நொடியில் கேள்வியின் முழு அர்த்தமும் புரிந்துவிட்டது. படித்த பாடம்தான். மூளையிலிருந்து கண்ணுக்கு வரும் மூன்றாவது நரம்பு இமையைத் தூக்குகிறது, கண்ணைத் திருப்புகிறது, கண்பாப்பாவைச் சுருக்குகிறது. சர்க்கரையால் அந்த நரம்பு படுத்தால் இமை விழும், கண் ஒதுங்கும், ஆனால் கண்பாப்பா பெரும்பாலும் தப்பித்துவிடும். வெளியிலிருந்து ஏதாவது அந்த நரம்பை அழுத்தினால் கண்பாப்பாவும் விரிந்து நிற்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல எங்கள் கையில் இருக்கும் ஒரே அடையாளம் கண்பாப்பாவின் அளவு. அந்த அடையாளத்தை நான் ஒரு சொட்டு மருந்தால் அழித்திருந்தேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். "ரெண்டும் சமமாத்தான் இருந்துச்சு மேடம்" என்ற வாக்கியம் என் வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் டாக்டர் நம்பியிருப்பார். பத்து வருட வேலையில் என் அட்டை பொய் சொன்னதில்லை. வள்ளியம்மாளும் சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

"பார்க்கலை மேடம்" என்றேன்.

"டார்ச் அடிக்கலையா?"

"அடிக்கலை. கூட்டம் ஜாஸ்தியா இருந்துச்சு."

"இமையைத் தூக்கினது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்பகூட கண்ணுல படலையா?"

"சொட்டு உள்ளே விழுந்துச்சான்னு மட்டும்தான் மேடம் பார்த்தேன்."

டாக்டர் இமையை மெல்ல விட்டார். பிறகு, "ஆர்டர் போட்டது நான். அதைப் பிறகு பேசலாம். இப்ப இவங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க" என்றார். நோயாளி முன்னால் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக நான் அவருக்கு இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். திட்டியிருந்தால் அடுத்து நடந்த பேச்சில் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது.

4. கிளை பிரியும் இடம்

ஏழுமலை உள்ளே வந்ததும், நரம்பை எது அழுத்தக்கூடும் என்று காட்ட டாக்டர் அட்டையின் பின்பக்கத்தில் படம் போட்டார். அந்த அட்டை பிறகு அவர்களோடு வேலூருக்குப் போய்விட்டது. அன்றிரவு டைரியில் நான் நினைவிலிருந்து போட்ட படம் இருக்கிறது.

மூளைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையம் போல இருக்கின்றன. கழுத்து வழியாக முன்பக்கம் இரண்டும் பின்பக்கம் இரண்டும் பெரிய குழாய்கள் மேலே வந்து இந்த வளையத்தில் சேரும். அங்கிருந்து கிளைகள் பிரியும். ரத்தக்குழாயில் புடைப்பு வருவது பெரும்பாலும் இந்த வளையத்தில்தான், அதிலும் கிளை பிரியும் கவட்டையில்தான். நேராகப் போகிற இடத்தில் வருவது குறைவு. கவட்டையில் ரத்தம் வந்து மோதுகிறது, அங்கே குழாயின் சுவரும் மற்ற இடத்தைவிடப் பலம் கம்மி. இந்தப் புடைப்பை டாக்டர்கள் அன்யூரிசம் என்பார்கள்.

டாக்டர் படத்தில் நான்கு இடங்களில் புள்ளி வைத்தார். வளையத்தின் முன்பக்க இணைப்பு. பக்கவாட்டில் பெரிய குழாய் பிரியும் இடம். பின்பக்கத்துக் குழாயின் உச்சி. நான்காவது, கழுத்திலிருந்து வரும் பெரிய குழாயிலிருந்து பின்பக்கத்துக்கு ஓர் இணைப்புக் குழாய் கிளம்பும் இடம். அந்த நான்காவது புள்ளியைத் தொட்டபடி பேனாவால் ஒரு கோடு இழுத்தார். "இதுதான் இவங்க இமைக்கு வர நரம்பு" என்றார்.

எனக்குப் பாடப் புத்தகத்தில் புரியாதது அந்தக் கோட்டில் புரிந்தது. மற்ற இடங்களில் வரும் புடைப்பு பல பேருக்கு எந்த அடையாளமும் காட்டாது. வெடித்து ரத்தம் கசிந்து, இடி விழுந்த மாதிரி தலைவலி வந்து, ஆள் விழுந்த பிறகுதான் தெரியும். அதில் பிழைக்காதவர்கள் நிறைய. இந்த ஓர் இடத்தில் வருவது மட்டும் மூன்றாவது நரம்பின் பக்கத்திலேயே வளர்வதால், வெடிப்பதற்கு முன்னாலேயே நரம்பை அழுத்தி, இமையை விழ வைத்து, ஆளைக் கண் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறது. கண்பாப்பாவைச் சுருக்கும் இழைகள் அந்த நரம்பின் மேல்தோலை ஒட்டி ஓடுவதால் வெளி அழுத்தம் முதலில் அவற்றைத்தான் பிடிக்கும். சர்க்கரையால் வருவது நரம்பின் உள்பக்கத்தைப் பாதிப்பது. மேல் இழைகள் தப்பிவிடும்.

ஏழுமலை படத்தைக் குனிந்து பார்த்தார்.

"இது நம்ம மோட்டார் ஓஸ் பைப்பு கணக்காத்தான் இருக்குது மேடம். டீ ஜாயிண்ட்டுக்கிட்டதான் பொடைக்கும். நேரா போற எடத்துல பொடைக்காது."

"அதேதான்" என்றார் டாக்டர்.

"பொடைச்சா ஒடனே ஒண்ணும் ஆவாது மேடம். சைக்கிள் டியூப கிழிச்சு இறுக்கி ஒரு கட்டு கட்டுனா ரெண்டு நாளு ஓடும்."

"ஓடும், ஓடும்!" வள்ளியம்மாள் நாற்காலியில் இருந்தபடியே திரும்பினார். "போன மாசி மாசம் கட்டுனியே. ராத்திரி வெடிச்சு ரெண்டு பாத்தி கடலச் செடிய வாரிக்கினு போச்சே. அதயும் சொல்லு."

"இவங்க இன்னைக்கே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார் டாக்டர். "ஸ்கேன் எடுப்பாங்க, ரத்தக்குழாய்க்குள்ள மருந்து ஏத்திப் படம் எடுப்பாங்க. புடைப்பு இருந்தா ஆபரேஷன்ல கிளிப் போட்டு அதை அடைச்சிடுவாங்க."

"இன்னைக்கா?" இந்தத் தடவை வள்ளியம்மாளின் குரலில் கேலி இல்லை. "நாளைக்குப் பௌர்ணமி மேடம். நாப்பது லிட்டரு பால் ஒறை ஊத்தி வெச்சிருக்கேன். நாளைக்கு வுட்டா புளிச்சு நாறிப்பூடும். வெள்ளிக்கெழம போறேன்."

ஏழுமலை டாக்டரைப் பார்த்தார். "நிச்சயமா சொல்லுங்க மேடம். பொடைப்பு இருக்குதா, இல்ல சுகரா? இருக்குதுன்னா தூக்கிக்கினு போறேன்."

"நிச்சயமா சொல்ல முடியலைங்க. கண்ணுல ஊத்தின மருந்து மறைக்குது."

"இந்த மருந்து எறங்கினா தெரியுமா?"

"ஓரளவு தெரியும். சாயந்திரம் ஆகும்."

"அப்போ சாயந்திரமா வரோம்."

"புடைப்பா இருந்தா அந்த ஆறு மணி நேரமும் நம்ம கையில இல்லைங்க. அது எப்ப வெடிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது."

"தெரியாமயே வேலூரு போவச் சொல்றீங்க. ஊர்ல ஒருத்தரு சுகருன்றாரு, நீங்க பொடைப்புன்றீங்க, இருக்குதான்னு கேட்டா தெரியாதுன்றீங்க." ஏழுமலை எழுந்துவிட்டார். கையில் வண்டிச் சாவி இருந்தது. "நாங்க வெள்ளிக்கெழமையே வரோம் மேடம்."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்றுதான் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, உட்காருங்க" என்றேன். "டாக்டரால நிச்சயமா சொல்ல முடியாம போனதுக்குக் காரணம் நான். காலையில இவங்க கண்ணு பாப்பா பெருசா இருந்துச்சா சின்னதா இருந்துச்சான்னு நான் பாத்து எழுதியிருக்கணும். பாக்காம மருந்த ஊத்திட்டேன். இப்ப ரெண்டு கண்ணும் மருந்தால விரிஞ்சு கெடக்குது. மேடத்துக்கு எதையும் பிரிச்சுச் சொல்ல வழியில்ல."

வள்ளியம்மாள் வலது கண்ணால் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மருந்தில் அவருக்கு நான் மங்கலாகத்தான் தெரிந்திருப்பேன்.

"நல்லாக்கீதே. நீ பாக்காததுக்கு நான் வேலூரு போவணுமா?"

"ஆமாம்மா. நான் பாக்காததுக்குத்தான் போவணும். பாத்திருந்தா, ஒருவேளை சுகருதான்னு சொல்லி வூட்டுக்கே அனுப்பியிருக்கலாம். இப்ப அனுப்ப முடியல."

வெளியே பெஞ்சில் ஒருவர், "இன்னாபா, உள்ள குடியேறிட்டாங்களா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

ஏழுமலை சாவியைச் சட்டைப்பையில் போட்டார். டாக்டரிடம் கேட்டார்: "கண்ணு பாப்பா பெருசா இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

"இன்னைக்கே வேலூருக்கு அனுப்பியிருப்பேன்."

"சின்னதா இருந்திருந்தா?"

"சுகருக்கு மருந்து மாத்தி, ஜாக்கிரதையா பாத்துக்கினு, நாலு நாள்ல மறுபடியும் வரச் சொல்லியிருப்பேன்."

அவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மனைவியிடம், "பெருசுன்னே வெச்சிக்கினு போலாம் வா. இல்லன்னு ஆச்சுன்னா தயிருதான் போவும்" என்றார்.

"நாப்பது லிட்டரு!"

"உங்க அண்ணிய வந்து கடை போடச் சொல்றேன்."

"அவளா? தண்ணிய ஊத்தி மோர் பேரையே கெடுத்துடுவா."

"கெடுக்கட்டும். எழுந்திரு."

வள்ளியம்மாள் எழுந்தார்.

5. ஏழு மணி பத்து நிமிடம்

டிவிஎஸ் வண்டியை மருத்துவமனை வாசலிலேயே விட்டுப் போகச் சொன்னோம். பஸ் வேண்டாம், குலுங்காமல் படுத்துப் போக வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் ஸ்டாண்டிலிருந்து ஒரு அம்பாசிடர் பிடித்து வந்தேன். டாக்டர் கடிதம் எழுதினார். அதில் மருந்தின் பெயரையும், "இரண்டு கண்ணிலும் 9.48-க்கு ஊற்றப்பட்டது, முன் அளவு பார்க்கப்படவில்லை" என்பதையும் சேர்க்கச் சொன்னேன். வேலூரில் பார்க்கிறவர்களும் விரிந்த கண்பாப்பாவைப் பார்த்துக் குழம்பக் கூடாது. டாக்டர் என் முன்னாலேயே அதை எழுதி அடிக்கோடு போட்டார்.

கார் கிளம்பும் முன் ஏழுமலையிடம் ஒரு வேலை கொடுத்தேன். "சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல ரெண்டு கண்ணையும் தூக்கிப் பாருங்க. நடுவுல இருக்கற கறுப்பு வட்டம் ரெண்டுலயும் ஒரே மாதிரி சின்னதா ஆவுதான்னு பாருங்க. ஆவலன்னா அங்க இருக்கற டாக்டருகிட்ட ஒடனே சொல்லுங்க. எங்களுக்கும் ஒரு போன் போடுங்க." மருத்துவமனை எண்ணை அவர் உள்ளங்கையில் பேனாவால் எழுதினேன். சீட்டில் எழுதினால் தொலைத்துவிடுவேன் என்று அவரே கையை நீட்டினார்.

பதினொன்று நாற்பதுக்குக் கார் கிளம்பியது. அன்று மீதிப் பதினேழு பேரையும் பார்த்து முடித்தோம். அந்தப் பதினேழு பேரில் யாருக்கு என்ன என்று என் டைரியில் இல்லை. பத்தொன்பது வருட டைரியில் அப்படி விடுபட்ட நாள் அது ஒன்றுதான்.

மாலை ஏழு பத்துக்குப் போன் வந்தது. டாக்டரும் நானும் இரண்டு பேருமே வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தோம். நான்தான் எடுத்தேன்.

"சிஸ்டர், ஏழுமலை பேசறேன், வேலூர்லருந்து. வலது கண்ணு வட்டம் சின்னதாயிடுச்சு. இடது கண்ணு அப்படியே பெருசா நிக்குது."

"டாக்டருகிட்ட சொன்னீங்களா?"

"அவரே வந்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டாரு. காலைல எப்படி இருந்துச்சுன்னு கேட்டாரு. எங்க சிஸ்டர் பாக்கல சார்னு சொன்னேன்." சற்று நிறுத்தினார். "கோச்சிக்காதீங்க. உள்ளதத்தான் சொன்னேன். இப்ப ஸ்கேனுக்குக் கூட்டிக்கினு போயிருக்காங்க. படுக்கைல சேத்துட்டாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். மேசை மேல் இரண்டு கையையும் வைத்து, "போயிட்டாங்கல்ல. அது போதும்" என்றார்.

வியாழக்கிழமை ரத்தக்குழாய்ப் படம் எடுத்தார்கள். டாக்டர் வைத்த நான்காவது புள்ளியில், இடது பக்கத்தில், புடைப்பு இருந்தது. வெள்ளிக்கிழமை, வள்ளியம்மாள் போகிறேன் என்று சொன்ன அதே வெள்ளிக்கிழமை, ஆபரேஷன் செய்து கிளிப் போட்டார்கள். வெடிப்பதற்கு முன்னால் போட்டதால் கை காலுக்கோ பேச்சுக்கோ ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் மூன்றாம் வாரத்தில் இருவரும் வந்தார்கள். ஆபரேஷனுக்காக மழித்த வள்ளியம்மாளின் தலையில் முடி ஒரு அங்குலம் வளர்ந்திருந்தது. இமை முக்கால்வாசி திறந்திருந்தது. முழுக்கச் சரியாக இன்னும் இரண்டு மாதம் ஆனது. டோக்கன் வாங்காமல் நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்து, இரண்டு கண்ணையும் அகலமாக்கிக் காட்டினார்.

"இப்ப பாரு. நல்லா பாத்து எழுதிக்கோ. அப்பறம் பாக்கலன்னு சொல்லி எங்கயாச்சும் அனுப்பிடாத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் தலையில் தட்டி, "ஏ, இந்தா. வேலூரு ஆஸ்பத்திரில அந்த டாக்டரு இன்னா சொன்னாரு தெரியுமா? நாலு நாளு தாண்டியிருந்தா வந்திருக்க மாட்டீங்கன்னாரு. எதுக்கு அழுவற? தயிரு போச்சேன்னு நானே அழுவல" என்றார்.

அண்ணி போட்ட மோர்க்கடையில் நல்ல வியாபாரம் என்று ஏழுமலை சொன்னார். அதை வள்ளியம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை.

6. நன்றி சொல்ல வேண்டியவர்கள்

கண் உதவியாளர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பல பேர் வாழ்நாளில் ஒரு தடவைகூட இப்படி ஒரு கண்ணைப் பார்க்காமல் போகலாம். இந்த 2008 வரை பத்தொன்பது வருடத்தில் எனக்கு மூன்று பேர்தான் வந்திருக்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது ஆளுக்கு மருந்து ஊற்றும் முன்பே பார்த்துவிட்டேன். ஒருவருக்குப் புடைப்பு, ஒருவருக்குச் சர்க்கரை. இரண்டு பேரும் நலம்.

அட்டையில் கட்டம் இருப்பதை நான் ஒருபோதும் விட்டதில்லை. கட்டம் இல்லாததைத்தான் விட்டேன். ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்கு வரும் தப்பு இது. ஒழுங்கில்லாதவர்கள் ஒருவேளை அந்தக் கண்ணை வேடிக்கையாவது பார்த்திருப்பார்கள்.

டாக்டர் உமாவுக்கு நன்றி. தெரியாததைத் தெரியாது என்று நோயாளியிடம் சொல்லிவிட்டு, அதற்காகவே அவசரப்பட்டதற்கு. ஏழுமலைக்கு நன்றி. நிச்சயம் இல்லாத ஒரு சொல்லை நம்பி, நாற்பது லிட்டர் தயிரை விட்டுவிட்டுப் போனதற்கு. வள்ளியம்மாளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர் அன்று பிழைக்காமல் போயிருந்தால் நான் இந்த வேலையில் தொடர்ந்திருக்க மாட்டேன்.

வேலூரிலிருந்து போன் வந்த அன்றிரவே, எட்டு மணிக்கு, டாக்டரும் நானும் நிரந்தர உத்தரவைத் திருத்தினோம். இமை தொங்கினால், இரண்டாகத் தெரிந்தால், கண்ணோடு சேர்ந்து புதிதாகத் தலைவலி இருந்தால் டாக்டர் பார்க்காமல் மருந்து கிடையாது. மற்ற எல்லாருக்கும் டார்ச் அடித்து, இரண்டு கண்பாப்பாவின் அளவையும் எழுதிய பிறகுதான் மருந்து. அச்சடித்த அட்டைகள் இன்னும் நானூறு இருந்தன. அடிக்கோல் வைத்து முதல் ஐம்பதில் மட்டும் அன்று கண்பாப்பா அளவுக்கு ஒரு கட்டம் போட்டு முடித்தேன்.

மார்ச் 31, புதன்கிழமை. பௌர்ணமி. பஸ் குறைவு என்பதால் கூட்டம் இல்லை. ஏழு ஐம்பத்தைந்துக்கு முதல் டோக்கன், செங்கத்துக்காரர், லாரி டிரைவர், வயது ஐம்பத்திரண்டு, கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டும் என்று வந்தவர். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அவருடைய வலது கண்ணில் டார்ச் அடித்தேன். பிறகு இடது கண்ணில். பிறகு மறுபடியும் வலது.

"இன்னா சிஸ்டர், செக்போஸ்ட் போலீஸ் கணக்கா மாத்தி மாத்தி அடிக்கிறீங்க? வண்டில ஒண்ணும் இல்ல."

"இருங்கண்ணே, அசையாதீங்க."

வலது மூன்று மில்லி மீட்டர், இடது மூன்று மில்லி மீட்டர், இரண்டும் சுருங்குகின்றன என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகு மருந்துப் புட்டியை எடுத்து, "இப்ப அண்ணாந்து பாருங்க" என்றேன்.